கோலிக்குண்டு போன வழி

கதவு தரையில் உரசத் தொடங்கியபோது நான் செய்த முதல் காரியம், கதவின் அடியைக் கொஞ்சம் இழைத்துவிட்டது. அடுத்த வருடம் மறுபடி உரசியது, மறுபடி இழைத்தேன். மூன்றாவது தடவை இழைப்புளியைக் கையில் எடுத்தபோது என் மகள் கேட்டாள்: “ஏன்ப்பா, கதவு என்ன வளருதா?”

அன்றைக்குத்தான் தரையைப் பார்த்தேன். அவளே ஒரு கோலிக்குண்டைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். அது ஒரு நொடி யோசித்துவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் மூலையை நோக்கி உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. நான் போய் அந்த மூலையில் சுவரடிப் பலகையை விலக்கி, பின்னால் இருந்த அடிச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. வெண்ணெயில் கத்தி இறங்கும்போதுகூட ஒரு தடை தெரியும், இதில் அதுவும் இல்லை.

இரண்டு மாடி மரவீடு. கல் அஸ்திவாரம், அதன்மேல் அடிச்சட்டம், அதன்மேல் தூண்கள், உத்திரங்கள், பலகைத் தளம். இதைப் பழுது பார்த்துக் கொடுத்த ஒரு மேஸ்திரியையும் அவர் மகளையும் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், கையில் இருக்கும் வேலையே முடிக்க முடியவில்லையாம். ஆகவே இதைப் படித்துவிட்டு அவரைத் தேட முடியாது. ஆனால் இந்த மாதிரி வேலைக்கு வருகிற வேறு யாரையும் எடைபோட இது உதவும் என்று நினைக்கிறேன்.

அவருக்கு முன்னால் ஒருவர் வந்தார், அதையும் சொல்லியாக வேண்டும். வந்தார், பார்த்தார், பத்து நிமிடத்தில் முடிவு சொன்னார். உளுத்த இடத்தைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி என்ற, கல்லாய் இறுகும் பிசினை ஊற்றி, பட்டி பார்த்து, மேலே வண்ணம் அடித்துவிட்டு நான்கே நாளில் போய்விட்டார். பார்க்க அவ்வளவு நேர்த்தி! நான் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். பதினான்கு மாதம் கழித்து வண்ணம் கொப்புளம் விட்டது. கொப்புளத்தை உரித்தால், எபாக்ஸி கல் மாதிரி உறுதியாக இருக்கிறது. அதைச் சுற்றியிருந்த மரம்தான் இல்லை. பழுப்பு நிறத்தில், சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளானது. மரத்தின் நாரான செல்லுலோசைத் தின்றுவிட்டு, நார்களைப் பிணைக்கும் லிக்னினை மட்டும் மிச்சம் வைக்கும் பூஞ்சையின் வேலை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தச் சதுர வெடிப்புதான் அதன் அடையாளம்.

எபாக்ஸியைக் குறை சொல்லவில்லை. காய்ந்த ஜன்னல் சட்டத்தில் ஒரு சின்னக் குழியை அடைக்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிற மரத்தின்மேல் அதைப் பூசினால், உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி அடைபட்டுப் போகிறது. வீட்டின் எடையைத் தாங்குகிற சட்டத்தில் அதைச் செய்தால் இன்னும் மோசம்.

சரி, இரண்டாமவருக்கு வருவோம்.

முதல் நாள் அவர் வீட்டுக்குள்ளேயே வரவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வெளியே சுற்றினார். கூரையோரத் தாழ்வாரக் குழாயை அண்ணாந்து பார்த்தார், மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார், சுவரை முகர்ந்துகூடப் பார்த்தார். நான் பொறுமையிழந்து, “மேஸ்திரி, பழுது உள்ள இருக்கு” என்றேன். “அது தெரியும் சார். தண்ணி எங்க இருந்து வருதுன்னு பார்த்துட்டு வரேன். மரம் எங்கயும் ஓடிப்போகாது” என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே அவரை வேலைக்கு வைத்திருக்கலாம்.

தண்ணீர் இரண்டு வழியில் வந்தது. ஒன்று, மழைநீர்க் குழாயின் முழங்கை இணைப்பில் விரல்நுழையும் இடைவெளி. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் சுவரின் வழியே வழிந்து அதே மூலையில் இறங்கியிருக்கிறது. இரண்டாவது என் கைங்கரியம். அந்தச் சுவரை ஒட்டி ஒரு பூப்பாத்தி போட்டிருந்தேன். வருடா வருடம் உரமும் மண்ணும் கொட்டிக் கொட்டி, கல் அஸ்திவாரத்தை மூடி, அடிச்சட்டம் வரைக்கும் மண் ஏறிவிட்டது. மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது 15, 20 சென்டிமீட்டர் வெற்றிடமாவது இருக்க வேண்டும் என்றார். என் பாத்தியில் அது பூஜ்யம். அதற்கு நான் தினமும் மாலையில் தண்ணீர் வேறு ஊற்றிக்கொண்டிருந்தேன். “செடிக்கு ஊத்துனீங்களா, வீட்டுக்கு ஊத்துனீங்களா?” என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார், அதுதான் வலித்தது.

அப்புறம் உள்ளே வந்தார்கள். மேஸ்திரியின் மகள் பொறியியல் படித்தவர். அளப்பது, குறிப்பது, கணக்குப் போடுவது எல்லாம் அவர். இரண்டு ஊசி உள்ள ஈரமானியை மரத்தில் குத்திக் குத்தி எண்களைச் சுண்ணக்கட்டியால் அங்கேயே எழுதினார். நடு உத்திரத்தில் 13 சதவீதம். மூலைக்கு ஒரு மீட்டர் முன்னால் 19. மூலையில் 31. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வேலை செய்ய முடியாது. 28, 30ஐ ஒட்டி மரநார்களே நீரால் நிறைந்துபோகிற கட்டம், அங்கே அது செழித்து வளரும். இதை எனக்கு அவர் பாடமாகச் சொல்லவில்லை. 19 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, “இங்க வரைக்கும் காயவெச்சாப் பிழைக்கும். இதுக்கு அந்தப் பக்கம் வெட்டணும்” என்றார். அவ்வளவுதான்.

அப்பா தட்டிப் பார்த்தார். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால், சாண் சாணாக. நல்ல மரம் ‘டங்’ என்று பேசும், கெட்டது ‘பொத்’ என்று முனகும். அரை மணி நேரத்தில் எனக்கே காது பழகிவிட்டது. அவர் தட்டுவதற்கு முன்னால் நான் சொல்லிப் பார்த்தேன், ஐந்தில் மூன்று சரியாக இருந்தது.

இவர்களின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, எதையெல்லாம் தொடாமல் விட்டார்கள் என்பது. நடு உத்திரத்தில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது, ஒரு நாணயத்தைச் சொருகலாம். பல வருடங்களாக நான் அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்ததில்லை. அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மரத்தின் ரேகையோடு ஒட்டியே போகிறது, குறுக்கே எங்கும் பாயவில்லை, மரம் காய்ந்தபோது விட்ட வெடிப்பு என்று நகர்ந்துவிட்டார். வெடிப்பின் உள்ளே பழைய தூசி படிந்திருந்ததையும் காட்டினார். புதிதாக வாய் பிளந்திருந்தால் உள்ளே மரம் வெளிறிய நிறத்தில் பளிச்சென்று இருக்குமாம்.

அதே மாதிரிதான் பூச்சித் துளைகள். படிக்கட்டுக்குக் கீழே ஒரு விட்டத்தில் குண்டூசித் துளைகளாக நூற்றுக்கணக்கில் இருந்தன. முதல் ஆள் இதற்குத் தனியாக மருந்தடித்துக் காசு வாங்கியிருந்தார். இவர்களோ துளைகளுக்கு நேர் கீழே கறுப்புத் தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தாள் சுத்தமாக இருந்தது. பூச்சி உயிரோடு இருந்தால் மாவு மாதிரி தூள் உதிர்ந்திருக்கும். இது எப்போதோ வந்து, மரத்தின் வெளிப்பகுதியான வெளிறை மட்டும் தின்றுவிட்டுப் போய்விட்டது, உட்பகுதியான வைரத்தை அது தொடவேயில்லை. செலவு ஒரு தாள்.

ஆனால் நான் கவலைப்படாத இடத்தில்தான் விஷயம் இருந்தது. குளியலறைக்குக் கீழே ஒரு விட்டத்தின் அடிப்பக்கத்தில், எப்போதோ குழாய் போட வந்தவர் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு வெட்டியிருக்கிறார். அந்த வெட்டின் மூலையிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல், சாய்வாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. மகள் பென்சிலால் பக்கத்துப் பலகையில் கணக்குப் போட்டார். விட்டத்தின் ஆழம் 20. அதில் 5 போனால் மிச்சம் 15. கால்வாசிதான் போயிருக்கிறது என்று நினைப்போம். வளைவைத் தாங்கும் வலு ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். அதாவது 15 × 15ஐ 20 × 20ஆல் வகுத்தால் 0.56. ஏறக்குறைய 44 சதவீதம் வலு அந்த ஒரு வெட்டில் போய்விட்டது. அதுவும் வெட்டு இருந்தது விட்டத்தின் நடுப்பகுதியில், அடிப்பக்கத்தில். பாரம் ஏறும்போது இழுவிசை அதிகமாக விழும் இடமே அதுதான். அந்தக் கணக்கு இன்னும் பலகையில் இருக்கிறது, அழிக்கவில்லை.

அந்த விட்டத்துக்குப் பக்கத்திலேயே அதே ஆழமுள்ள புது விட்டம் ஒன்றை இணைத்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். உடைந்த இடத்தில் மட்டும் ஒரு துண்டை வைத்து ஆணி அடித்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, புது விட்டத்தின் இரண்டு முனைகளும் இரண்டு பக்கமும் தாங்கலில் போய் உட்கார வேண்டும் என்று, குழாயைக் கழற்றி, முழு நீளத்தையும் சாய்த்து உள்ளே நுழைக்க அரை நாள் போராடினார்கள்.

மூலைதான் பெரிய வேலை. வெட்டுவதற்கு முன்னால் வீட்டைத் தூக்க வேண்டும். ‘தூக்குவது’ என்றதும் நான் பயந்துபோனேன். நடந்தது இதுதான்: தரையில் கனமான கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மேடை கட்டினார்கள், அதன்மேல் ஜாக்கி, ஜாக்கியின்மேல் முட்டு, முட்டின்மேல் உத்திரம். பக்கத்தில் அசையாத ஒரு கம்பத்தில் அளவுகோலை ஒட்டினார்கள். தினமும் காலையில் ஜாக்கியைக் கொஞ்சம் திருகுவார்கள். 2 மில்லிமீட்டர் ஏறியதும் நிறுத்தி ஆப்பு வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் கூலிக்கு 2 மில்லிமீட்டரா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் இரவில் வீடு பேசுவதைக் கேட்டபோது புரிந்தது. எங்கோ மாடியில் ஒரு ‘டிக்’. பத்து நிமிடம் கழித்துப் படிக்கட்டில் ஒரு முனகல். காலையில் திருகிய 2 மில்லிமீட்டரை வீடு இரவு முழுக்க ஒவ்வொரு பொருத்துக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில்தான் ரஷ்யாவின் கிழி தீவில் இருக்கும் மரத் தேவாலயத்தைப் பற்றிப் படித்தேன். 1714இல் கட்டியது, 22 கும்மட்டங்கள், 37 மீட்டர் உயரம். அதைப் பழுது பார்த்தபோது மேல்பகுதியை ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தி, கீழிருந்து ஒவ்வொரு அடுக்காகக் கழற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து, திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள். மேஸ்திரியிடம் கைபேசியில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “நம்ம வேலை ஒரு மூலைதான், இதுக்கே நீங்க தூங்கல” என்றார்.

மூலை 34 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. 25 ஏறியதும் நிறுத்திவிட்டார். மிச்சம் 9? “அது இருக்கட்டும்.” எனக்குக் கோபம். காசு கொடுக்கிறவன் நான், தரை மட்டமாக வேண்டும் என்றேன். அவர் என்னை மாடிக்குக் கூட்டிப்போய் ஜன்னல் சட்டத்தின் மூலையைக் காட்டினார், பொருத்து லேசாக வாய் திறக்கத் தொடங்கியிருந்தது. வருடக் கணக்கில் பாரம் தாங்கிய மரம் அந்த வளைவிலேயே படிந்துபோகும். பாரத்தை எடுத்தாலும் முழுசாகத் திரும்பாது. அடம்பிடித்துத் தூக்கினால் கீழே நேராகும், மேலே உடையும். அன்றைக்கு நான் சமாதானமாகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு அடிச்சட்டத்தில் 2.4 மீட்டரை வெட்டி எடுத்தார்கள். முனையை நேராக வெட்டவில்லை; 70 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சரிவாகச் சீவினார்கள். புதுக் கட்டையின் முனையையும் அதே சரிவில் எதிராகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்தார்கள். முதல் தடவை பொருத்தியபோது நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. மேஸ்திரி ஒரு பக்கத்தில் கறுப்பு மை தேய்த்து, அழுத்தி எடுத்து, மை ஒட்டிய மேடுகளை மட்டும் உளியால் மெல்லச் சீவினார். மறுபடி மை, மறுபடி உளி. ஆறு தடவை. வெங்காயத் தோல் மாதிரி சுருள்கள் விழுந்தன. கடைசியில் தாள் நுழையவில்லை. அதன்பிறகுதான் போல்ட், அதுவும் துருப்பிடிக்காத எஃகில். எங்கள் வீட்டு மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரத்தில் சாதாரண இரும்பை அது அரித்துவிடும், இரும்பைச் சுற்றி மரமும் கறுத்துக் கெடும். பழைய ஆணியைப் பிடுங்கிக் காட்டினார், நடுவில் ஊசியாக மெலிந்திருந்தது.

கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஈரத்தடைத் தாள் விரித்தார்கள். கல் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சி மேலே கொடுக்கும், மரம் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். தூணின் அடியிலும் முப்பது சென்டிமீட்டரை மட்டும் வெட்டி, புதுக் கால் ஒன்றைக் கழுந்து (துளைக்குள் நுழையும் முனை) வைத்துப் பொருத்தினார்கள். மேலே இருக்கும் தூண் பழையதேதான். வெட்டிய முனைகளில் போராக்ஸ் வகை மருந்தைப் பூசினார்கள். அது ஈரத்தோடு சேர்ந்து மரத்துக்குள் ஊறும். அதே காரணத்தால் மழை பட்டால் கரைந்து வெளியேயும் போய்விடும். ஆகவே வெளிப்பக்கம் வண்ணம் அடித்தே ஆக வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு வாரம் என்று சொன்னார், ஒன்பது வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் மூலை காய்வதற்காகவே காத்திருந்தோம். ஈரமானி 18 காட்டும் வரைக்கும் வண்ணத்தைத் தொடவிடவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் நாளே 31ஐப் பார்த்தவர், இந்தக் காத்திருப்பையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே? தொலைபேசி எடுக்கவே மாட்டார். கீழ்த்தளத்தை மூடினார்கள், மாடியில் என் புத்தக அலமாரியை மூடவில்லை. இன்னும் ஒவ்வொரு புத்தகத்தையும் தட்டித்தான் திறக்கிறேன். குளியலறைச் சுவர்ப் பூச்சில் ஒரு விரிசல் விழுந்தது. தூக்கும்போது விழும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார், சரிசெய்து தர மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார். நேர்மைதான், ஆனாலும் விரிசல் விரிசல்தானே. சுவரடிப் பலகையைத் திரும்ப அடித்த விதமும் சுமார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஆறு தடவை மை தடவிய மனிதர், கண்ணுக்குத் தெரிகிற பலகையில் ஆணித்தலையை மூடவில்லை.

ஒரு போல்ட் துளையை இடம் தவறிப் பாதி வரை துளைத்துவிட்டார். நான் பார்க்கவில்லை. அவரே கூப்பிட்டுக் காட்டி, ஒரு மரமுளையைச் செதுக்கி அடைத்தார். வேலை முடிந்ததும் எழுத்தில் ஏதாவது கொடுங்கள் என்று நான் கேட்ட பிறகுதான் மகள் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். எங்கே வெட்டியது, எங்கே போல்ட், எந்த இடத்தில் எவ்வளவு ஈரம் எல்லாம் அதில் இருக்கிறது, அந்தத் தவறான துளையும் படத்தோடு இருக்கிறது. கேட்காமலே கொடுத்திருக்க வேண்டியது அது.

செலவு அதிகம். முதல் ஆளுக்குக் கொடுத்ததையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவசரமாக வீட்டை விற்கப் போகிறவர்களுக்கு இவர்கள் சரிவர மாட்டார்கள். வீட்டில் தொடர்ந்து வாழப் போகிறவர்களுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை என் புத்தகங்களுக்காக.

ஒன்றரை வருடம் ஆகிறது. நானும் ஒரு ஈரமானி வாங்கிவிட்டேன், மாதத்தில் ஒரு நாள் அந்த மூலையில் குத்திப் பார்க்கிறேன். கடைசியாக 14. மழைக்காலத்தில் 16 வரைக்கும் போனது, இறங்கிவிட்டது. ஜன்னல் பொருத்து அதற்குமேல் திறக்கவில்லை, 9 மில்லிமீட்டர் சண்டையில் அவர்தான் ஜெயித்தார். கோலிக்குண்டு இன்னும் அதே மூலைக்குத்தான் உருள்கிறது, என்ன, இப்போது அவசரமில்லாமல் போகிறது. பாதி வழியில் பாய் ஓரத்தில் நின்றுவிடுகிறது. கதவு உரசவில்லை. மூன்று தடவை இழைத்ததில் இப்போது அடியில் கட்டைவிரல் நுழையும் இடைவெளி விழுந்திருக்கிறது, அதற்கு ஒரு பட்டைச் சட்டம் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். மேஸ்திரியிடம் கேட்டேன், அது அவர் வேலை இல்லையாம்.